சாமி நின்ற மூலையும் பிளானில் இருந்த மூலையும்

வீடு விற்றுக் கொடுக்கிற தொழிலில் வீட்டை விற்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அந்த வீடு எங்கே முடிகிறது என்று காட்டுவதற்குள்தான் உயிர் போய்விடும். நான் பதுளையில் காணி, வீட்டுப் புரோக்கராக இருக்கிறேன். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு தங்கள் வீட்டை விற்க என்னிடம்தான் வந்தார்கள். வந்த பிறகு அவர்களும் அழுதார்கள், நானும் அழுதேன்.

நீங்களும் வீடு விற்கப் போய் மாட்டிக்கொண்டவராக இருந்தால் நான் சொல்வது புரியும். வெலிமடையில் ஒரு காணியின் உறுதிப் பத்திரத்தில் கிழக்கு எல்லை பலா மரம் என்று எழுதியிருந்தது. மரத்தைத் தேடிப் போனால், அது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் கதவாக நிற்கிறது. அதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். பசறைப் பக்கம் ஒரு வீட்டை விற்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

பஸ்ஸைத் தாங்க முடியாதவர்

சந்தனம் அண்ணன் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, கலியாணமான புதிதில் தோட்டத்தை ஒட்டி ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டியவர். அவர் பரம்பரையில் சொந்தக் காணியில் படுத்துத் தூங்கிய முதல் ஆள் அவர்தான். அந்த வீட்டை விற்றுத் தரச் சொல்லி வந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

காரணம் அவருடைய மனைவி பாக்கியம் அக்கா. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு இரண்டு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பசறை ரோட்டு வளைவுகளைச் சொல்லத் தேவையில்லை, நல்ல உடம்புக்காரனுக்கே குடலைப் பிடுங்கும். அக்கா வாந்தி எடுத்துக்கொண்டே வருவார், வாந்தி எடுத்துக்கொண்டே திரும்பிப் போவார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்க வேண்டும், அதற்கு இந்த வீடு விற்க வேண்டும், விசயம் அவ்வளவுதான். "ஊசி, மெசினு எல்லாத்தயும் தாங்கிக்கிறேன் தங்கச்சி, இந்த பஸ்ஸத்தான் தாங்க முடியல" என்றார் பாக்கியம் அக்கா.

சாமியின் தலையைக் கழுவிய சர்வேயர்

வாங்குவதற்கு ஆள் சுலபமாகக் கிடைத்தது. பசறையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர். வீடு பிடித்துவிட்டது. அவருக்குக் கடன் கொடுக்கிற வங்கிதான், பழைய பிளான் ஆகாது, புதிதாக அளந்து கொண்டு வா என்றது. அளக்கிறதுதானே என்று நானும் இளித்துக்கொண்டு சர்வேயரைக் கூட்டிப் போனேன்.

அவர் சிங்களவர், நல்ல மனுசன், தமிழ் அரைகுறை. பழைய பிளானை விரித்து வைத்து மூன்று மூலைக் கல்லைக் கண்டுபிடித்துவிட்டார். நாலாவதைக் காணோம். பிளான்படி அது இருக்க வேண்டிய இடத்தில் பாக்கியம் அக்காவின் குசினி, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. குசினிக்கு அந்தப் பக்கம், தேயிலை ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு சாமி. மஞ்சள், குங்குமம், சூலம், செவ்வந்தி மாலை என்று அலங்காரம் பலமாக இருந்தது. சர்வேயர் சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். பிறகு போத்தல் தண்ணீரை ஊற்றி மெதுவாகச் சாமியின் தலையைக் கழுவினார். உளியால் வெட்டிய குறி ஒன்று தெரிந்தது. என் பக்கம் திரும்பி, "நோனா, இது சாமி இல்ல. இது எங்க ஆளு போட்ட கல்லு" என்றார்.

எல்லை எது?

நடந்தது இதுதான். காணியை விற்றவர் கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மூலைக் கல் எது என்று யாரும் சொல்லவில்லை. குடிவந்த புதிதில் பாக்கியம் அக்கா, மழைத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில், சேற்றுக்குள் நிமிர்ந்து நிற்கிற ஒரு கல்லைப் பார்த்திருக்கிறார். தானாக எந்தக் கல் நிமிர்ந்து நிற்கும்? யாரோ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போன சாமிதான். சாமியை அழுக்குத் தண்ணீரில் விடலாமா என்று தூக்கிக்கொண்டுபோய், கானுக்கு அந்தப் பக்கம் சுத்தமான இடத்தில் வைத்து விளக்கேற்றிவிட்டார். அந்தச் சுத்தமான இடம் தோட்டத்துக் காணி.

சில வருசம் கழித்துக் குசினி கட்ட வந்த மேசன் பாஸ், எல்லை எது என்று கேட்டிருக்கிறார். அதற்குள் அந்தக் கல் அக்கம்பக்கத்துக்கே எல்லைச்சாமி ஆகிவிட்டது. அண்ணன் யோசிக்காமல் சாமியைக் கை காட்டினார். கானை மூடி, சாமி நிற்கக் கொஞ்சம் இடம் விட்டு, குசினி எழும்பியது. இதையெல்லாம் கேட்டு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது சந்தனம் அண்ணன் கேட்டார்: "எல்லையிலதான தங்கச்சி சாமி இருக்கும்? சாமி இருக்கற எடம் எல்லை இல்லாம வேற என்னா?"

தோட்டமும் ஆபீசும்

தோட்டத்துத் துரையிடம் போய், குசினி நிற்கிற அந்தத் துண்டை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினோம். துரை தேத்தண்ணி கொடுத்தார். காணி அரசாங்கத்தினுடையது, கம்பனிக்குக் குத்தகைக்குத்தான் வந்தது, ஒரு தேயிலைச் செடியைக்கூடத் தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். பதுளையில் அரசாங்கக் காணி ஆபீசுக்குப் போனால், குத்தகைக்குக் கொடுத்துவிட்ட காணியில் நாங்கள் கை வைக்க முடியாது, தோட்டத்தில் கேளுங்கள் என்றார்கள்.

மறுபடி தோட்டம், மறுபடி ஆபீஸ். இதற்குள் அக்காவுக்குக் கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போய்விட்டது. வெறுங்காலோடு பஸ் ஏறினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆபீஸ் மேசையைக் கவிழ்த்திருப்பேன். அங்கிருந்த கிளார்க்கர் தம்பி, பாவம், ஆறுதல் சொல்கிற எண்ணத்தில்தான் சொன்னான்: "அந்தக் குசினிய கட்டாமலே இருந்திருந்தீங்கன்னா ஒரு பிரச்சினையும் இல்லயே அக்கா."

பூக்கட்டிப் பார்த்தோம்

சரி, கட்டாத மாதிரியே ஆக்கிவிடுவோம், குசினியை இடித்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். வாத்தியாரும் சம்மதித்தார். எல்லை சரியாக இருந்தால் போதும், குசினியைத் தானே பிறகு கட்டிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் இடிக்க வந்த பாஸ் சாமியைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். சாமி நகர உத்தரவு கொடுக்காமல் பக்கத்தில் கை வைக்க மாட்டாராம்.

பூசாரியை அழைத்தோம். அவர் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமுமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். நானும் வாய்விட்டு வேண்டிக்கொண்டேன், கமிசனுக்காக இல்லை, சத்தியமாக அந்த அக்காவுக்காக. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தால் சிவப்பு. தோட்டமும் அரசாங்கமும் போதாதென்று சாமியும் கையை விரித்துவிட்டது. பூசாரி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சாமி அசைய மாட்டேங்குது. அடுத்த திருவிழாவுல கேட்டுப் பாப்போம்."

தூக்கியவரே இறக்கினார்

அடுத்த திருவிழா வரைக்கும் யார் இருப்பார், யார் போவார்? பாக்கியம் அக்கா எழுந்தார். குசினிக்குள் போய்ச் சட்டி பானையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அம்மிக் கல்லை மட்டும் தூக்க முடியாமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த சந்தனம் அண்ணன் பாஸுடைய கடப்பாரையை வாங்கித் தானே சுவரில் போட்டார். ஒவ்வொரு குத்துக்கும் அவர் அழுத சத்தம் கேட்டது. குசினி விழுந்த பிறகு சர்வேயர் வந்து, உடைந்த தரையில் ஒரு முளை அடித்து இடத்தைக் காட்டினார்.

அண்ணன் கல்லைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டார். அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, சூடம் கொளுத்தி, குனிந்து தூக்கினார். முடியவில்லை. நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன். பெரிய கனம் ஒன்றுமில்லை, ஆனாலும் அந்தச் சின்னத் தூரத்துக்குள் அக்கா இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பழைய இடத்தில் கல்லை இறக்கிவிட்டு அதனிடம் சொன்னார்: "அழுக்குல இருந்து ஒன்னயத் தூக்குனவ நான்தான். கோவிச்சுக்காத சாமி. என்னால பஸ்ல போக முடியல."

பிளான் சரியாகிவிட்டது

புதுப் பிளான் வந்தது. நாலு மூலையிலும் நாலு கல், ஒரு குறை சொல்ல முடியாது. ஓடிப்போய் வாத்தியாருக்குப் போன் எடுத்தேன். அந்த மனுசன் எத்தனையோ வருசமாக எழுதிக் கேட்டுக் கிடைக்காத ஒன்று, பாருங்கள், நாங்கள் குசினியை இடித்த பிறகுதானா கிடைக்க வேண்டும்? அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. "அக்கா, குறை நினையாதேங்கோ. எனக்கு ஊரோட மாற்றம் கிடைச்சிட்டுது, இனி இங்க வீடு வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிளானைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, குசினி எங்கே என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அக்கா வெளியே ஒரு தகரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைக்கிறார். போன கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வெறுங்காலோடு, ஒரு பொலித்தீன் பையை வாயருகில் பிடித்துக்கொண்டு பசறை பஸ்ஸுக்குக் காத்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி அது எடத்துக்குப் போயிருச்சு தங்கச்சி. நான்தான் இன்னும் போகல" என்றார்.

இப்போதெல்லாம் வீடு விற்க யார் வந்தாலும், உறுதி இருக்கா, பிளான் இருக்கா என்று கேட்பதற்கு முன்னால், காணி மூலையில் ஏதாவது கல்லுக்கு விளக்கு வைக்கிறீர்களா என்றுதான் நான் கேட்கிறேன்.