பிரேக் மாஸ்டரின் நல்ல காலம்

பிரேக் மாஸ்டர் பிரேக் போடுவதை நிறுத்திவிட்டார் என்ற செய்தி இஸ்திரிக் கடையில் கிளம்பியது. மருந்துக் கடையைத் தாண்டுவதற்குள் அதற்குக் கைகால் முளைத்துவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேரும்போது மீசையோடு முழு ஆளாக நின்றது. லாட்டரி விழுந்திருக்கிறது என்றார் ஒருவர். தியானம் பழகுகிறார் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கண்ணை மட்டும் சிமிட்டினார்.

வதந்தியைச் சரிபார்ப்பது என் வழக்கமல்ல, பரப்புவதோடு சரி. ஆனால் மாஸ்டரின் கார் போகிற தெருவில்தான் நானும் நடக்கிறேன். உயிர் மேல் ஆசை உள்ளவன் என்பதால் விசாரிக்கப் போனேன்.

மாஸ்டர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வீட்டின் முன்னறை, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் தலையில் பலகை சுமந்த வெள்ளைக் கார். அந்தக் காரில், கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பெடலில்தான் மாஸ்டரின் புகழ் குடியிருந்தது. காகிதப் பை பறந்தால் பிரேக். நாய் கொட்டாவி விட்டால் பிரேக். அவரிடம் படித்தவர்கள் வண்டி ஓட்டக் கற்றார்களோ இல்லையோ, கண்ணாடியை நோக்கிக் குனிந்து வணக்கம் வைக்க நன்றாகக் கற்றார்கள்.

போன மழைக்காலத்தில் மாஸ்டர் சுருண்டு போனார். குளிக்கச் சொன்னால் எதற்கு என்பார். சாப்பாடு ஆறும். வாசலில் நிற்கிற காருக்குள் போய் உட்கார்ந்து, ஓடாத வண்டிக்கு பிரேக்கை மிதித்தபடி மதியம் முழுக்க இருப்பார். பக்கத்துத் தெரு டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் மாஸ்டர் எழுந்தார், குளித்தார், சிரித்தார். தெருவே மூச்சு விட்டது. பிறகு அவர் இன்னும் எழுந்தார். அதற்கு மேலும் எழுந்துகொண்டே போனார்.

நான் போனபோது முன்னறையில் மாஸ்டர் இல்லை. மனைவி இருந்தார். அந்த அம்மாதான் ஸ்கூலின் ஆபீஸ், கணக்கு, டெலிபோன் எல்லாம்.

"நீங்க எழுதறவர்தானே? எழுதாதீங்க. உட்காருங்க."

உட்கார்ந்தேன். மேசை மேல் விண்ணப்பங்கள் பறக்காமல் இருக்க ஒரு கனமான இரும்புத் துண்டு வைத்திருந்தது. எங்கேயோ பார்த்த உருவம். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தது.

"அதுதாங்க," என்றார் அந்த அம்மா. "ரெண்டாவது பிரேக். நேத்து ஸ்பேனரை எடுத்துட்டுப் போய்க் கழட்டிட்டு வந்துட்டார். பயத்துக்கு எதுக்குத் தனியா ஒரு பெடல்னு கேக்கறார்."

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் அண்ணன் வந்தார். "மாப்பிள்ளை இப்பதான் மனுஷனா ஆயிருக்கார் சார். நடுங்கிட்டே இருந்த ஆளு, சிங்கம் மாதிரி வண்டி விடறார். ஆளுங்க வரிசையில நின்னு சேர்றாங்க. நாளைக்கு புறவழிச் சாலையில பயம் ஒழிப்பு வகுப்பு வச்சிருக்கார். இவ என்னடான்னா மூக்கைச் சிந்தறா."

"அண்ணா, அவர் தூங்கியே எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"தூங்கினா அழறே, தூங்காட்டி அழறே. உனக்கு ஒரு தலைகாணியைக் கட்டி வச்சிருக்கலாம்!"

இதில் அண்ணனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர்கள் ஆளின் உடல்நலத்தைக் காலை வைத்துத்தான் அளப்பார்கள். பிரேக்கில் கால் போனால் பயந்தவர், போகாவிட்டால் தேறியவர். எங்கள் தெருவும் சளைத்ததல்ல. கைபேசி வந்த பிறகு எல்லோரும் பாதி டாக்டர். கைக்குட்டையை மடித்து வைப்பவருக்கு ஓசிடி, பேசாதவருக்கு டிப்ரெஷன், பாக்கி கேட்கிற மளிகைக்காரருக்கு மனநோய். ஆனால் சந்தோஷமாக இருப்பவரை யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தோஷத்தைக் கண்டால் நமக்குப் பொறாமைதான் வருமே தவிர, பயம் வராது.

பயந்தவர் இன்னும் ஒருவர் இருந்தார்: கணக்கு டீச்சர், மாஸ்டரின் மாணவி. அன்று காலை வகுப்பு முடித்தவர் வாசல் படியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

"பேசிக்கிட்டே வந்தார் சார். ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு. லாரி ஸ்கூல், கப்பல் ஸ்கூல், அப்புறம் விமானமாம். சிக்னல் சிவப்பாச்சு. நான் பிரேக்கைத் தேடறேன். 'போங்க டீச்சர், உலகம் நம்மளப் பாத்து பிரேக் போடும்'ங்கறார்."

"போட்டுச்சா?"

"பஸ்காரர் போட்டார். அதனாலதான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன்."

அந்த அம்மா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. மாஸ்டர் எதிர்க்கடை மெக்கானிக்கிடம் விமானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மனநல மருத்துவமனைக்குத் தனியாக ஓடினார். அங்கே டாக்டர் ஒரு இளம் பெண். அவர் கேட்ட முதல் கேள்வியை அந்த அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

"தூக்கம் வரலையா, இல்ல தூக்கமே தேவைப்படலையா?"

"தேவைப்படல டாக்டர். புரண்டு படுத்துக் கஷ்டப்படறவர் இல்ல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து காரைக் கழுவறார். களைப்பே இல்லை."

கேள்விகள் தொடர்ந்தன. பேச்சு வேகமா? நடுவில் புகுந்தாலும் நிறுத்த முடியவில்லையா? எண்ணங்கள் தாவுகின்றனவா? தன்னால் ஆகாதது இல்லை என்கிறாரா? செலவு, ஆபத்தான காரியங்கள்? வழக்கமான மனிதராக இல்லாமல் ஆளே வேறு மாதிரியா? ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதா? எல்லாவற்றுக்கும் தலை ஆடியது. கடைசியாக டாக்டர் கேட்டார்: "முன்னாடி எப்பவாவது இப்படி இருந்திருக்காரா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த அந்த அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் நடந்தது நினைவுக்கு வந்தது. வீடு முழுக்க ஒரே மூச்சில் பெயின்ட் அடித்தார். யாரும் கேட்காமல் தையல் மிஷின்களாக வாங்கிக் குவித்தார். விடிய விடியப் பாடினார்.

"அது எங்க நல்ல காலம் டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சோர்வுக்கு மாத்திரை வாங்கினப்போ இதைச் சொன்னீங்களா?"

"புருஷன் சிரிச்சதையெல்லாம் போய் நோய்னு யாராவது சொல்லுவாங்களா?"

"இந்தப் பக்கம் தெரியாம சோர்வுக்கு மட்டும் மாத்திரை குடுத்தா, சிலருக்கு இப்படித் தூக்கிவிட்டுடும். அதனாலதானான்னு நான் இப்ப சொல்ல முடியாது. தைராய்டு, வேற மருந்து, எல்லாம் பார்க்கணும். அவரையும் பார்க்கணும். பேர் அப்புறம் வைப்போம். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. அவரோட கார்ல மட்டும் உட்கார விடாதீங்க."

சொல்வது சுலபம். சாவி மாஸ்டரின் இடுப்பில். மாற்றுச் சாவி அண்ணனிடம். டாக்டரிடம் வாங்க என்றால், எனக்கென்ன குறை என்பார். அந்த அம்மா வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அப்போதுதான் பிறந்தது: "ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மாவுக்கு டிரைவிங் கத்துக்கணுமாம். உங்களைத்தான் கேட்டாங்க. உடனே வரச் சொன்னாங்க."

மாஸ்டர் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். காரின் டயர் காற்றிறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. கணக்கு டீச்சர் கொண்டை ஊசியைத் தலையில் செருகிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடகைக் காரில் போனோம். மாஸ்டர் வழி நெடுக அந்த ஓட்டுநருக்கு வகுப்பு எடுத்தார். அந்த அம்மா கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். மாஸ்டர் நடுவழியில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதே என் பயமும்.

டாக்டர் பொய்க்குத் துணை போகவில்லை. "நான் மனநல டாக்டர். டிரைவிங்குக்காக உங்களைக் கூப்பிடல. உங்க மனைவி பயந்துபோய் அப்படிச் சொல்லியிருக்காங்க," என்றார்.

மாஸ்டர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "சோர்ந்து கிடந்தப்போ எழுந்திருன்னீங்க. எழுந்தேன். இப்ப எதுக்குடா எழுந்தேங்கறீங்க. என்னைப் பைத்தியமாக்கறதுக்கு எல்லாரும் சேர்ந்துட்டீங்களா? விடுங்க, எனக்கு நாளைக்கு வகுப்பு இருக்கு!"

கதவு திறந்துதான் இருந்தது. யாரும் மறிக்கவில்லை. நான் மறித்திருந்தால் என்னையும் தள்ளிக்கொண்டு போயிருப்பார்.

"போங்க," என்றார் அந்த அம்மா. "ஆனா ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. உங்க பக்கத்து சீட்டுல உட்கார எனக்கு பயமா இருக்கு. கல்யாணமான நாள்லேர்ந்து இன்னிவரைக்கும் எனக்கு அப்படி இருந்ததே இல்லை."

மாஸ்டரின் பேச்சில் முதல் தடவையாக ஓர் இடைவெளி விழுந்தது. மனைவியைப் பார்த்தார். கார்க் கைப்பிடியைப் பிடித்த தடம் அந்த அம்மாவின் உள்ளங்கையில் சிவந்திருந்தது. மாஸ்டர் மெதுவாக உட்கார்ந்தார். உடனே மறுபடி பேசத் தொடங்கினார், அது வேறு. ஆனால் உட்கார்ந்து பேசினார்.

அன்றைக்கே சேர்த்தார்கள். பரிசோதனைகள் முடிந்து டாக்டர் வைத்த பெயர் இருமுனைக் கோளாறு. ஒரு முனையில் சோர்வு, மறுமுனையில் இந்தச் சிங்கம். பழைய மாத்திரை போய்ப் புதியது வந்தது, கூடவே அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அண்ணன் தன் கையாலேயே பெடலைத் திரும்பப் பூட்டினார். பூட்டும்போது யாரையும் பார்க்கவில்லை.

இப்போது மாஸ்டர் முன்னறையில் சாலைக் குறி பாடம் மட்டும் எடுக்கிறார். காரில் வேறொருவர். டாக்டர் சொல்லும் வரை அப்படித்தான். இதை எழுதலாம் என்று அவரேதான் சொன்னார். "நான் சிரிச்சா வீட்டுல கடிகாரத்தைப் பாக்கறாங்க சார். நேத்து ஒரு ஜோக்குக்கு சிரிச்சேன். நல்ல ஜோக்குதான்னு நிரூபிக்க வேண்டியதாயிடுச்சு." அந்த அம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று என்னிடம் சொன்னார்.

போன வாரம் மருத்துவமனையில் மாஸ்டர் டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டாராம்.

"என் வீட்டுக்காரி சொன்னதுல, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்கறதும் பொய்யா டாக்டர்?"

"அது மட்டும் நிஜம்."

"அப்ப உங்களுக்கு ஒரு வகுப்பு நான் பாக்கி. சொல்லிக் கூட்டிட்டு வந்தாச்சு, குடுக்காம இருந்தா நல்லா இருக்காது."

"முதல்ல உங்களுக்கு சரியாகட்டும்."

"நான் நல்லாத்தான் தூங்கறேன். பயப்படறது நீங்க."

டாக்டர் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். வகுப்புக்கு இன்னும் குறிக்கவில்லை.