ஐந்து பங்கு ஆக்டனால்

நவமணிக்கு மறக்கத் தெரியாது. சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். ஈப்போவுக்கு வெளியே அருமண் உலோகம் பிரிக்கும் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருட உதவியாளர். யார் தன்னை என்ன சொன்னார்கள் என்பது தேதியோடு அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

உலோகம் கரைந்த அமில நீரையும், உலோகத்தைப் பிடிக்கும் மருந்து சேர்த்த மண்ணெண்ணெயையும் கலக்கிவிட்டு நிறுத்தினால், எண்ணெய் மேலே மிதக்கும். உலோகம் அதற்குள் ஏறிக்கொள்ளும். ரொம்ப ஏறினாலோ, நடுவில் அகார்-அகார் ஜெல்லி போலக் கூழ் உறைந்து எல்லாம் கெடும். பட்டதாரிகள் ஒரு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நவமணி, அலமாரியில் சும்மா கிடந்த ஆக்டனால் என்ற ஆல்கஹாலை எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்துப் பார்த்தாள். கூழ் கரைந்தே போனது.

ஓடிப்போய் வேதியியலாளர் உடையப்பனிடம் காட்டினாள். “அக்கா, நீங்க கெட்டிக்காரிலா!” என்றான். மறு மாதம் அறிக்கை வந்தது, அவன் பெயரில் மட்டும். பதவி உயர்வும் வந்தது. போய்க் கேட்டாள். சிரித்தான். “பாட்டில் கழுவுறவங்களுக்குப் பேரு எதுக்குக்கா?”

அன்றிலிருந்து அவனைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தை அவள் அவனிடம் சொல்லவே இல்லை. ஆல்கஹால் கூடிப்போனால் அது அந்த மருந்தையே கட்டிப்போட்டுவிடும். உலோகம் நீரிலேயே தங்கிவிடும். இருபது பங்கு சேர்த்துச் சோதித்தும் பார்த்திருந்தாள். அவன் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பெரிய தொட்டியில் வெள்ளோட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் ஜோசலின் வந்திருந்தார். அவர் முன்னால் அடுக்குகள் இன்னும் பளிச்சென்று பிரிவதைக் காட்டும் ஆசை உடையப்பனுக்கு.

“இருவது பங்கு ஊத்துங்க.”

“எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”

போட்டுக் கொடுத்தான். ஊற்றினாள். இரண்டு அடுக்கும் கண்ணாடி மாதிரிப் பிரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள், நவமணி மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினாள்.

மத்தியானம் சோதனை முடிவு வந்தது. பாதி உலோகம் நீரிலேயே கிடந்தது.

“இந்த அக்கா அளவு தெரியாம ஊத்திட்டாங்க!” என்று உடையப்பன் கத்தினான். அவன் கையெழுத்துப் போட்ட சீட்டை அவள் ஜோசலினிடம் நீட்டினாள்.

படித்துவிட்டு அவர் கேட்டார்: “உங்க அறிக்கையில அஞ்சுன்னுதானே இருக்கு? இருவது ஏன் கூடாது?”

அவன் அறிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். நவமணி காரணத்தை நிதானமாகச் சொன்னாள். அவன் முகம் வெளுத்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. கொஞ்சமாவது இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

கண்டுபிடித்தது யார் என்று ஜோசலினுக்குப் புரிந்துவிட்டது. “அறிக்கைய இப்பவே மாத்தி எழுதுங்க,” என்றார்.

உடையப்பன் பேனாவை எடுத்தான்.

“அளவெல்லாம் அப்புறம் தம்பி,” என்றாள் நவமணி. “மொதல்ல பேரு. நவமணி பிச்சைமுத்து. எழுத்துக் கூட்டிச் சொல்லணுமா?”