உள்ளே பார்க்காதவர்

என் அண்ணனுக்குப் பூட்டுத் திறக்கிற தொழில். தெருவில் அவருக்குச் சாவி என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. யாராவது வாசலில் வந்து "சாவி இருக்காரா?" என்று கேட்டால், அண்ணி உள்ளேயிருந்தே, "இருக்காரு. பேச்சு முடிஞ்சா வருவாரு, உக்காருங்க" என்பார். அண்ணன் அவ்வளவு பேசுவார். எப்பேர்ப்பட்ட பூட்டும் அவர் கையில் வாய் திறந்துவிடும். அவர் வாயை மூடத்தான் யாராலும் முடியாது.

அவர் கடை என்பது இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே விட்ட சந்து. சாவி அறுக்கும் மெஷின் ஒன்று, சுவர் நிறைய ஆணியில் தொங்கும், பல் வெட்டாத வெறும் சாவிகள், உட்கார ஒரு ஸ்டூல். நகக்கண்ணில் எப்போதும் பித்தளைத் தூள் இருக்கும். தொழிலில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பூட்டை உடைக்க மாட்டார். "உடைக்கிறதுக்கு சுத்தியல் போதுமே, நான் எதுக்கு?" என்பார். பூட்டு விட்டுக்கொடுத்ததும் கதவைத் தொடாமல் திரும்பி நின்றுகொள்வார். அலமாரியோ பெட்டியோ, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. "திறக்கிறது என் வேலை. பாக்குறது உங்க வேலை." கிளம்பும்போது மறுபடி பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கீறல் கூட இருக்காது. இதற்காகவே ஊரில் எல்லோரும் அவரைத் தைரியமாக வீட்டுக்குள் விட்டார்கள்.

நான் நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மெஷினுக்குள் போய் வருகிறதில் பாதி, செத்துப்போனவர்களின் சொத்து. உயில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்துவிட்டுப் போனவரின் பிள்ளைகள் ஒருமுறை வருவார்கள், நகல் எடுப்பார்கள், போய்விடுவார்கள். எழுதாமல் போனவரின் பிள்ளைகள் வருடக்கணக்கில் வருவார்கள். முதலில் ஒரே காரில், அப்புறம் தனித்தனிக் காரில். இதைக் கண்ணால் பார்க்கிறவள் என்பதால் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்வேன், எழுதி வையுங்கள் என்று. நான் என்னவோ அவர்களுக்கு நாள் குறித்துவிட்ட மாதிரி முறைப்பார்கள்.

அடுத்த தெருவில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. மகள் அவரோடு இருந்தாள், மகனுக்கு வேறு ஊரில் வேலை. ஏதோ நகல் எடுக்க வந்தவரிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

"எனக்கு இருக்கிறதே ரெண்டு பிள்ளைங்க. ரெண்டால வகுத்தா என்னம்மா மீதி வரப்போவுது?"

"வீட்டை வகுக்கலாம் சார். அம்மாவோட வளையலை எப்படி வகுப்பீங்க?"

"அது மகளுக்குன்னு அவ அம்மாவே சொல்லிட்டாளே."

"யார்கிட்ட சார் சொன்னாங்க?"

"மகள்கிட்டதான்" என்று சொல்லிவிட்டு நகலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எவ்வளவு படித்து என்ன, அந்த வாய்ச்சொல்லை மகனும் நம்பவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவர் இறந்து, மகன் வந்து எல்லாம் முடித்துவிட்டுப் போன பிறகு, மகள் அண்ணனைக் கூப்பிட்டாள். அப்பாவின் இரும்பு அலமாரிச் சாவியைக் காணவில்லை. "அப்பாவோட அடையாள அட்டை உள்ள மாட்டிக்கிச்சுண்ணே. அது இல்லாம இறப்புச் சான்றிதழ் தர மாட்டேங்கிறாங்க" என்றாள். அண்ணன் வாத்தியாரிடம் படித்தவர், அதாவது அடி வாங்கியவர். ஓடினார். பூட்டைத் திறந்தார், வழக்கம்போலத் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றார். வாத்தியார் காதைத் திருகும் விதத்தைப் பற்றி ஜன்னலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் அவள் எதையோ எடுத்தாள்.

"ஆச்சுண்ணே."

"புதுச் சாவி போட்டுத் தரட்டுமாம்மா?"

"வேணாம்ண்ணே. எங்க அண்ணன் வரட்டும், பாத்துக்கலாம்."

மறுபடி பூட்டினார், இழுத்துப் பார்த்தார். கூலி வாங்கவில்லை. வாத்தியார் வீட்டில் வாங்குவதா என்றார்.

மகன் அடுத்தமுறை வந்து ஆள் வைத்து அலமாரியை உடைத்தபோது வளையல்கள் இல்லை. தங்கையைக் கேட்டான். அவளுக்குப் பயமா, ஆசையா, இல்லை அம்மா கொடுத்ததை ஏன் ஒப்புவிக்கவேண்டும் என்ற ரோஷமா, தெரியாது. "நான் அட்டையை மட்டும்தான் எடுத்தேன். திறந்தவரைக் கேளு" என்றுவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம். அது எங்கள் வீட்டின் மேல் வந்து விழுந்தது.

இருவரும் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்தார்கள். காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து, சும்மா ஒரு விசாரணை என்றார். அண்ணன் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி சட்டையை மாற்றிக்கொண்டு போனார். அண்ணிக்கும் என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. தப்பே செய்யாதவருக்கு எதற்கு வக்கீல் என்று நினைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அங்கே அவருக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு போதாதா என் அண்ணனுக்கு?

"சுவடே இல்லாம திறக்க முடியுமாய்யா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! நான் திறந்தேன்னு அந்தப் பூட்டுக்கே தெரியாது சார்."

"மறுபடி போய்த் திறந்தாலும் யாருக்கும் தெரியாதா?"

"தெரியவே தெரியாது சார்" என்றவர், அதோடு விட்டாரா? அங்கே மூலையில் சாவி தொலைந்து கிடந்த அலமாரி ஒன்றைத் திறந்தும் காட்டியிருக்கிறார். கை தட்டினார்களாம். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். படிக்காமலே போட்டார். அங்கேயும் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை.

என் கடைக்கு மேல் மாடியில்தான் வக்கீலம்மா இருந்தார். அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தவர் என்னைத்தான் திட்டினார். திட்டுவதற்கு நான்தான் கையில் அகப்பட்டேன். ஜாமீனில் வெளியே வந்த பிறகு அவரையும் உட்காரவைத்துத் திட்டினார்.

"பேரைக் கேட்டா பேரைச் சொல்லுங்க, வீடு எங்கன்னா வீட்டைச் சொல்லுங்க. மத்ததெல்லாம் என் வக்கீல் வந்ததும் பேசுறேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உண்மையைத்தானேம்மா சொன்னேன்?"

"உண்மையைத்தான் சொன்னீங்க. யார் கேக்குறாங்க, எதுக்குக் கேக்குறாங்கன்னு பாத்தீங்களா? அப்பா செத்த பிறகு அந்த அலமாரி மகளுது மட்டும் இல்ல, மகனுதும்தான். ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு, வெளியாள் ஒருத்தரைச் சாட்சிக்கு நிக்க வெச்சுத் திறந்திருக்கணும். அவ கூப்பிட்டா, நீங்க போய்ட்டீங்க."

"வாத்தியார் பொண்ணும்மா அது" என்றார் அண்ணன், ஏதோ அது ஒரு சட்டம் என்பது போல. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது வேளை பார்த்துக் கத்தும்.

வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. எது எது அவருடைய நல்ல குணமோ, அது ஒவ்வொன்றும் அவருக்கு எதிராக வந்து நின்றது. யோக்கியன் என்றால் ஏன் சுவடு தெரியாமல் திறந்தான்? யாருக்கும் தெரியாமல் ஏன் மறுபடி பூட்டினான்? ஏன் கூலி வாங்கவில்லை? அலமாரிக்குள் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"நான் பாக்கலைங்க."

"அந்தம்மா என்ன எடுத்தாங்க?"

"பாக்கலைங்க."

"திறந்தது நீ, பக்கத்துல நின்னது நீ, ஆனா பாக்கலை. அப்ப எதைப் பாத்துக்கிட்டு இருந்த?"

"ஜன்னலைங்க."

கூடமே சிரித்தது. அன்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவர் கண்ணைத் திருப்பிப் பார்த்திருந்தால் அவரே அவருக்குச் சாட்சியாக நின்றிருக்கலாம். அப்படிப் பார்க்கிறவராக இருந்தால் அவர் என் அண்ணனாக இருந்திருக்க மாட்டார் என்பதும் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

கடைசியில் வாத்தியார் வீட்டை விற்கவேண்டி வந்தது. உயில் இல்லாததால் ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் விற்க முடியாது. அதனால் அந்த அண்ணனும் தங்கையும் ராசியானார்கள். நீரடித்து நீர் விலகுமா? புகாரைத் திரும்பப் பெற நீதிமன்றத்துக்கு ஒரே காரில் வந்து இறங்கினார்கள். என் கடையிலிருந்தே பார்த்தேன். அவள் கைகளில், ஒருகாலத்தில் வாத்தியார் மனைவி கையில் நாங்கள் பார்த்த அதே வளையல்கள்.

அண்ணனும் பார்த்துவிட்டார். வராந்தாவில் அவள் எதிரே போய் நின்றார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏம்மா, இது அம்மா வளையல்தானே?"

அவள் கையைப் பைக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நான் எடுக்கலைன்னு உள்ள ஒரு வார்த்தை சொல்லிடும்மா. வேற ஒன்னும் வேணாம் எனக்கு."

அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். அவன்தான் பதில் சொன்னான். "அதான் கேஸையே வாபஸ் வாங்குறோமே. இன்னும் என்னங்க? அவ பொய்ப் புகார் குடுத்தான்னு ஆயிடாதா?"

உள்ளே, புகார்தாரர்கள் வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று சொன்னார்கள். நீதிபதி சரி என்று எழுதினார். அண்ணன் கூண்டிலிருந்து, "ஐயா, நான் எடுக்கலைன்னு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அடுத்த வழக்கின் பெயரை வாசித்துவிட்டார்கள். வக்கீலம்மா அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "கேஸ் இல்லைன்னுதான் ஆயிருக்கு. நீங்க எடுக்கலைன்னு யாரும் சொல்லல. சண்டை போட்டு ஒரு தீர்ப்பு வாங்கியிருந்தா வேற. முடிஞ்சதே நிம்மதின்னு போங்க" என்றார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பாவத்தை வளையலாக மாட்டிக்கொண்டு அவள் காரில் ஏறினாள்.

அதன் பிறகு யாரும் சந்துக் கடைக்கு வரவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் அவர் பதிலாவது சொல்லியிருப்பார். நெருப்பில்லாமல் புகையுமா என்று அவரவர் வீட்டுக்குள் பேசிக்கொண்டார்கள். மெஷினை விற்றுவிட்டு இரும்புக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆணி எடைபோடுவார், பூட்டு விற்பார். பூட்டு வாங்க வருகிறவர்களிடம், "அலமாரிக்குப் பூட்டு வாங்குறீங்க, சரி. உங்களுக்கு அப்புறம் யாருக்குன்னு எழுதி வெச்சீங்களா?" என்று கேட்பார். பூட்டுக்கு இலவசமா இந்த உபதேசம் என்று சிரிப்பார்கள். முதலாளி கண்டித்ததும் அதையும் விட்டுவிட்டார்.

போன மாதம் ஒரு காலை, நான் அவர் வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டு நர்ஸ் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பியபோது வாசல் கதவுப் பூட்டில் சாவி முறிந்துவிட்டது. கணவன் கடப்பாரை வாங்கி வந்து நெம்பினான். பூட்டோடு நிலைச்சட்டமும் பிளந்துகொண்டு வந்தது. அண்ணன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூட்டு அவருக்குக் கொட்டாவி விடுகிற நேரத்து வேலை. வாயைத் திறக்கவில்லை.

கணவனும் வேலைக்குப் போகவேண்டும். தச்சர் மாலையில்தான் வருவார். திறந்து கிடக்கும் வீட்டை யார் பார்ப்பது என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது இங்கே கேட்டது. அண்ணன் மெல்லத் தெருவைத் தாண்டிப் போனார்.

"இன்னிக்கு எனக்கு லீவுதான்மா. வாசல்லயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிறேன், உள்ள போக மாட்டேன். நீங்க வேலைக்குப் போய்ட்டு வாங்க."

அந்தப் பெண் நல்லவள்தான். எனக்கு ஊசி போட்டிருக்கிறாள், வலிக்காமல் போடுவாள். கணவனைப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்? நானே லீவு போட்டுக்கிறேன்" என்றாள்.

"சரிம்மா" என்று சொல்லித் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணு லேசுல லீவு போடாது பாப்பா" என்றார்.