மலைக்காற்றுக்குக் காத்திருந்த டிங்கா

என் தங்கை டிங்கா பசித்துச் சாப்பிட்டு நான் பார்த்தது அவள் பள்ளிக்கூடம் போன காலத்தோடு சரி. ஒற்றை ஆள் பாய்மரப் படகில் காற்று பலமாக அடிக்கும்போது விளிம்புக்கு வெளியே உடம்பைத் தொங்கவிட்டுப் படகை நிமிர்த்த வேண்டும். அதற்கு எடை வேண்டும். இவளோ மீன்முள். வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு தட்டு மாவுருண்டையும் மாட்டிறைச்சிக் குழம்பும் முன்னால் வைத்துக்கொண்டு அழாத குறையாக விழுங்குவாள். எங்கள் ஸ்பிளிட் ஊர்ப் படகு கிளப்பில் ஒயின் ஊற்றும் பெபோவுக்கு அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

“ஏம்மா, தின்னது எல்லாம் எங்கே போகுது? கால்ல எங்கேயாவது ஓட்டையா?”

“ஓட்டை உன் வாயிலதான், பெபோ. ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு.”

படகுக்காகப் பல் ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் ‘இந்த ஒலிம்பிக் முடியட்டும்’ என்பதை இரண்டு முறை கேட்டான். மூன்றாவது முறை கேட்க அவன் இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன, படி இறங்கும்போது நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் இறங்குவாள். ஜெயித்தால் இதற்கெல்லாம் பேர் தியாகம், தோற்றால் பைத்தியம். நான் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன். எனக்கு ஆரம்பத்திலிருந்தே பைத்தியம் என்றுதான் பட்டது. ஆனாலும் ஒவ்வொரு போட்டிக்கும் ரப்பர் படகை ஓட்டிக்கொண்டு அவள் பின்னால் போனவன் நான்தான்.

ஒரு நாட்டுக்கு ஒரே ஓர் இடம். அதற்கு எங்களிடம் இரண்டு பேர்: டிங்காவும், ஸாதரிலிருந்து வந்த மொரானாவும். எங்கள் விரிகுடாவிலேயே பல ஓட்டங்களாக நடக்கும் வசந்தகாலப் போட்டியில் இருவரில் யார் மேலே முடிக்கிறாளோ அவள் ஒலிம்பிக்குக்குப் போவாள். மொரானா சின்னப் பெண், அவளுக்கு அடுத்த முறை உண்டு. இவளுக்குக் கிடையாது.

கடைசி ஓட்டத்துக்கு முன் டிங்காதான் புள்ளியில் முன்னால் இருந்தாள். அந்த ஓட்டத்தில் அவள் ஜெயிக்கக்கூட வேண்டாம். மொரானாவை ரொம்ப தூரம் தப்பிக்க விடாமல் இருந்தால் போதும். காலையில் படகைத் தண்ணீரில் இறக்கும்போது சொன்னேன்.

“அவ எங்கே போறாளோ அங்கே போ. நிழல் மாதிரி ஒட்டிக்கோ. வேற எந்த மேதாவித்தனமும் வேணாம்.”

“தெரியும்ணே. பாப்பாவுக்குச் சொல்ற மாதிரிச் சொல்லாதே.”

ஓட்டம் தொடங்கியபோது தென்காற்று மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. மோஸோர் மலை உச்சியில் மேகம் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். புரா வரப்போகிறது, மலையிலிருந்து உருண்டு இறங்கும் காற்று. அந்தத் தொப்பியைக் கண்டால் மாடியில் பூந்தொட்டியை உள்ளே எடுத்து வைப்போம். ஸாதரிலும் புரா உண்டு, ஆனால் இந்த மலையின் முகம் மொரானாவுக்குப் பழக்கமில்லை. கூட்டத்தோடு கூட்டமாக அவள் கடல் பக்கம் திரும்பினாள். டிங்கா ஒரு கணம் மலையைப் பார்த்தாள். பிறகு தன்னந்தனியாக மலைப் பக்கம் போனாள்.

கடல் பக்கம் தண்ணீர் கறுத்து வந்தது. செத்த தென்காற்று அங்கே மறுபடி உயிர் பிடித்திருந்தது. அவள் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. ஓட்டம் தொடங்கிய பிறகு வெளியிலிருந்து நான் ஒரு வார்த்தை கத்தினாலும் அவளை நீக்கிவிடுவார்கள். திரும்புடி, திரும்பித் தொலைடி என்று மனசுக்குள் கத்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மொரானா முதல் மிதவையைச் சுற்றியபோது டிங்காவின் பாய் ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இடம் போய்விட்டது.

புரா வரத்தான் செய்தது. ஓட்டமெல்லாம் முடிந்து, அவள் படகைக் கயிறு கட்டி நான் இழுத்துக்கொண்டு வரும்போது, கண்ணைத் திறக்க முடியாதபடி அடித்தது.

“வரும்னு எனக்குத் தெரியும்ணே,” என்றாள்.

“அவ பின்னாலயே போயிருக்கலாமேடி.”

“அந்த மேகத்தைப் பார்த்துட்டு எப்படிண்ணே போறது?”

அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. அலை எகிறிக்கொண்டிருந்தது, கையை எஞ்சினிலிருந்து எடுக்க முடியவில்லை.

அடுத்த வாரமே தேசிய அணியின் பயிற்சியாளர் ஷிமுன் எங்கள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“மொரானாவுக்குக் கூட ஓட்டிப் பழக ஆள் வேணும், டிங்கா. உன்னை விட்டா நாட்டுல யாரு இருக்கா?”

“வெட்கமா இல்லையா சார் உங்களுக்கு?” என்றேன்.

“நீ சும்மா இருண்ணே,” என்றவள், அவரிடம், “எப்ப வரணும்?” என்று கேட்டாள்.

ஒலிம்பிக் நடந்த ஊருக்கு அப்படித்தான் போனாள், இன்னொருத்திக்குத் துணையாக. ரப்பர் படகு ஓட்ட என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சியில் தினமும் மொரானாவைத் தோற்கடித்தாள். எந்தக் கணக்கிலும் சேராத வெற்றிகள். போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் ஷிமுன் அவள் படகருகே வந்து குனிந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“இன்னைக்கு மட்டும் அவளை முன்னால விடேம்மா. தினம் உன் முதுகையே பார்த்தா அந்தப் பிள்ளைக்கு மனசு ஒடிஞ்சிடும்.”

டிங்கா சரியென்று தலையை ஆட்டினாள்.

கடைசித் திருப்பம் வரை அவள்தான் முன்னால். பிறகு வேகம் குறையும்படி பாயின் கயிற்றைச் சாண் அளவு தளர்த்தினாள். அவள் ஓட்டுவதைக் காலமெல்லாம் பார்த்தவனுக்குத்தான் அது கண்ணில் படும். மொரானா கடந்து போய், கையைத் தூக்கிக் கூவினாள். டிங்காவும் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வந்து என் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

“எப்படிண்ணே? நிஜமாத் தோத்த மாதிரி இருந்துச்சா?”

“இருந்துச்சுடி,” என்றேன்.