குசகாரி தெய்ஜியின் வேகநடை

யமகதா நகரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் வேகநடை அணியில் குசகாரி தெய்ஜிதான் மூத்தவன். பள்ளி நாளிலிருந்தே அவன் இடுப்பை ஒடித்து ஒடித்து நடப்பதைப் பார்த்து ஊர் சிரித்திருக்கிறது, அவன் கண்டுகொண்டதில்லை. ஐம்பது கிலோமீட்டர் தேர்வுப் போட்டியில் பலமுறை நான்காவதாக வந்தான். முதல் மூவருக்குத்தான் நாட்டின் அணியில் இடம்.

அந்த அக்டோபரில், போட்டிக்கு முதல் நாள், கோச் ஒசநாய் அவனைக் கூப்பிட்டார்.

"நீ முன்னாடி போய் நம்ம டீம் மினாஜிமாவுக்குக் காத்தை மறைச்சுக் குடு. முப்பதாவது கிலோமீட்டர்ல கால் பிடிச்சிருச்சுன்னு வெளிய வந்துரு."

"சார், எனக்கு இதான் கடைசி."

"உன்னோடது எப்பவோ முடிஞ்சு போச்சுப்பா. அவன் சின்னப் பையன், இன்னும் பல வருஷம் நடப்பான்."

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாகச் சேப்பங்கிழங்குக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வந்தது. தெய்ஜியின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. அவன் விலகவில்லை, மினாஜிமாவைப் பின்னால் விட்டு முதலாவதாகப் போனான்.

அடுத்த சுற்றில் அணியின் தண்ணீர் மேசையருகே கையை நீட்டினான். உப்பும் சர்க்கரையும் கரைத்த அவன் பாட்டிலை ஒசநாய் திறந்து, கண்ணெதிரே தார் ரோட்டில் கவிழ்த்தார்.

"வேணுமா? நின்னு நக்கு."

பொது மேசையின் வெறும் தண்ணீர் வயிற்றில் குலுங்கியதே தவிர, உடம்பில் ஒட்டவில்லை. கடைசிச் சுற்றுகளில் முழங்கால் மடங்க ஆரம்பித்தது. வேகநடையில் ஊன்றும் கால் மடங்கக் கூடாது. மூன்று நடுவர்கள் தப்பென்று எழுதினால் ஆட்டம் முடிந்தது. தலைமை நடுவர் அவன் முகத்துக்கு நேரே சிவப்பு அட்டையைக் காட்டினார்.

"வழிய விடுண்ணே," என்று மினாஜிமா உரசிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை மொத்த அணியின் முன்னால் தெய்ஜி அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னும் குனி," என்றார் ஒசநாய். குனிந்தான்.

பிறகு அவனைக் கம்பெனிக் கிடங்கு வேலைக்குத் தள்ளினார்கள்.

சில வருடங்களில் மினாஜிமாவின் இடுப்பெலும்பு விரிசல் விட்டது. ஒசநாய் அவனையும் அணியிலிருந்து கழற்றி அதே கிடங்குக்கு அனுப்பினார். அதற்குள் அங்கே மேற்பார்வை தெய்ஜியிடம் வந்திருந்தது.

"வலிக்குதா?"

"ஆமாண்ணே. பாரம் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மனசுக்குள் ஏதாவது இளகும் என்று தெய்ஜி எதிர்பார்த்தான். ஒன்றும் இளகவில்லை.

"ஏணி அந்தா இருக்கு. மேல் தட்டுல இருந்து எல்லாத்தையும் இறக்கு."

மினாஜிமா பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். தெய்ஜி கீழே உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்து நிதானமாகத் தின்றான்.