ஆடாத மூலக்கூறு

எங்க அண்ணியால ஒரு இடத்துல உக்கார முடியாது. சாப்பிடும்போதே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாங்க, திரும்பப் போய்த் திறப்பாங்க. "காலுல சக்கரமா கட்டியிருக்கு?"ன்னு அண்ணன் கத்துவான். இவங்களுக்கு வாய்ச்ச வேலையைப் பாருங்க: ஒரே ஒரு மூலக்கூறைக் கண்ணாடியில ஒட்ட வச்சு, அதைக் கணக்குப் போட வைக்கணும்!

அதே ஆய்வுக்கூடத்துலதான் நான் கண்ணாடித் தகடு கழுவுறேன். ரெண்டு வகை ரசாயனத் துளி இருக்கு. ரெண்டும் சேர்ந்து வந்தா மூலக்கூறு ஒளிரணும். ஒண்ணு மட்டும் வந்தா இருட்டா இருக்கணும். அதுதான் அது போட வேண்டிய கணக்கு. சுத்தியிருக்கிற தண்ணி சும்மா விட்டாத்தானே? சூட்டுல துள்ளித் துள்ளி அதை இடிச்சுக்கிட்டே இருக்கும். மூலக்கூறும் இடிபட்டு, நாம கேக்காமலே மினுக்கித் தொலைக்கும். "வெள்ளிக்கிழமை இதைச் சோதிக்கக் குழு வருது. தப்பா மினுக்கினா ஆராய்ச்சியையே மூடிடுவாங்க"ன்னுட்டார் துறைத்தலைவர். அண்ணியோட இத்தனை வருஷ உழைப்பும் அதோட போயிடும்.

அண்ணி தண்ணியைக் குளிர வச்சுக்கிட்டே போனாங்க. ஒரு துளி விட்டாங்க, இருட்டு. அதைக் கழுவிட்டு இன்னொண்ணு விட்டாங்க, இருட்டு. "அடங்கிடுச்சுடி!"ன்னு என்னைக் கட்டிக்கிட்டாங்க. எனக்கும் அப்பாடான்னு இருந்தது.

வெள்ளிக்கிழமை குழுவுல வந்த அம்மா, "ரெண்டையும் விடுங்க"ன்னாங்க. விட்டோம். இருட்டு. எவ்வளவு நேரம் காத்திருந்தும் இருட்டேதான். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. தப்பு வருதான்னே பாத்துக்கிட்டு, சரி வருதான்னு ஒருத்தரும் பாக்கலையே! குளிர்ல விறைச்சுக் கிடக்கறது எதைக் கேட்டாலும் இல்லைன்னுதானே சொல்லும்?

அண்ணி சூட்டை ஏத்தினாங்க.

"ஐயோ அண்ணி, தப்பா மினுக்குமே!"

"மினுக்கட்டும் விடு. இடி வாங்காம அதால அசையவே முடியல. தண்ணி இடிக்கட்டும், ஒளிப் பக்கமா இருட்டுப் பக்கமா சாயணும்னு துளி பாத்துக்கும்."

திரையில ஒளி வந்தது, அணைஞ்சது, மறுபடி வந்தது. அண்ணி அறையில குறுக்கும் நெடுக்கும் நடந்தாங்க. "ஒரு மினுக்கை நம்பாதீங்க. எதுல அதிக நேரம் நிக்குதுன்னு பாருங்க." ஒளியிலதான் நின்னுச்சு. கழுவிட்டு ஒரு துளி மட்டும் விட்டப்போ, நடுநடுவே மினுக்கினாலும் இருட்டுதான் அதிகம்.

"தப்பே வராதுன்னு எழுதியிருந்தீங்களே?"ன்னாங்க குழுவுல வந்த அம்மா.

"வரும்ங்க. வந்தாலும் கடைசியில சரியாச் சொல்லும்."

"சரி, கொஞ்சம் உக்காந்துதான் சொல்லுங்களேன்."

"உக்காந்தா எனக்கு மூளை ஓடாதுங்க."

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. ஆராய்ச்சி தொடரட்டும்னு சொல்லிட்டுப் போனாங்க.

வீட்டுல சாப்பிடும்போது அண்ணி ஜன்னலைச் சாத்த எழுந்தாங்க. அண்ணன் வாயைத் திறந்தான்.

"பேசாம சாப்பிடு அண்ணா"ன்னேன்.