கவிழ்த்து வைத்த அகப்பை

முதற்பால் யாருக்கு?

கல்குடாவில் கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஹோட்டலின் குசினியில்தான் என் கடைசி வேலை வருடங்கள் கழிந்தன. அதற்கு முன் வவுணதீவுப் பக்கம் கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று கிடாரம் என்கிற பெரிய அண்டா வைத்துச் சமைத்தவள் நான். ஹோட்டலில் என்னை 'ஹெட் குக்' என்றார்கள். வேறு குக்கே இல்லாத குசினியில் ஹெட் குக்காக இருப்பது சுகமான வேலை. எதிர்த்துப் பேச ஆளில்லை.

பரீதா வந்த அன்றைக்கு அந்தச் சுகம் போயிற்று.

அவள் ஓட்டமாவடிக்காரி. கட்டாரில் ஒரு வீட்டில் பல வருடம் சமைத்துவிட்டுத் திரும்பியிருந்தாள். இனிப்புப் பண்டங்களுக்கு ஒரு கை வேண்டும் என்று மூன்று மாத ட்ரையலில் எடுத்திருந்தார்கள். காலையில் வந்தாள், சலாம் சொன்னாள், கையைக் கழுவினாள். சொதிக்கென்று நான் பிழிந்து வைத்திருந்த முதற்பாலை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள்.

"என்னகா செய்ற? அது சொதிக்கு வெச்ச பால்."

"வட்டிலப்பத்துக்கு வேணும் யோகமக்கா. சொதிக்கு ரெண்டாம் பால் போதும்தானே."

இளம் சமையல்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பூவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முதலில் பிழிவது முதற்பால். கட்டியாக, எண்ணெய்ப் பிடிப்பாக இருக்கும். அடுத்தது இரண்டாம் பால். கடைசியாகத் தண்ணீரைப் போல வருவது கப்பிப்பால். சொதி என்றால் காய் கப்பிப்பாலில் அவிய வேண்டும், இரண்டாம் பாலில் வேக வேண்டும், முதற்பால் விட்டு இறக்க வேண்டும். கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்த வட்டிலப்பத்துக்கோ முதற்பால் இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. ஆக, இனிப்புக்காரிக்கும் உறைப்புக்காரிக்கும் ஒரே சட்டியில் கண். சண்டை வராமல் என்ன செய்யும்?

சத்தம் கேட்டு மனேஜர் சுதன் வந்தார். நல்ல பிள்ளை. எதையும் நேராக, வரிசையாக அடுக்கி வைக்காவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

"ஏன் அக்கா இதுக்குப் போய்ச் சண்டை? தேங்காய்ப்பால் மா பக்கெட் ஸ்டோர்ல கிடக்குதே. சுடுதண்ணியில கரைச்சா முடிஞ்சுது."

நானும் பரீதாவும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தோம். அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

"மாவா?" என்றேன் நான்.

"பக்கெட்டா?" என்றாள் பரீதா.

எங்கள் சிநேகிதம் தொடங்கியது அந்த இடத்தில்தான். பகலில் இருவருமாகத் திருவலையில் உட்கார்ந்து புதிதாகத் தேங்காய் துருவினோம். அப்போதுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். "எண்ட மகள் பெரிய புள்ளையானப்ப நான் கட்டார்ல வேற ஆக்கள்ட புள்ளைக்குத் தல சீவிக்கிட்டு இருந்தன் அக்கா. இந்த வேல நிரந்தரமாகல்ல எண்டா மறுகாவும் பிளேன்தான். இனி ஏலா." கண்ணைத் துடைக்கப் புறங்கையைக் கொண்டுபோனாள். தேங்காய்ப்பூ கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு முதற்பாலில் பாதியை விட்டுக்கொடுத்தேன். பாதியைத்தான்.

அகப்பைச் சட்டம்

கிடாரச் சமையலில் பெரிய ஆபத்து நெருப்பு என்று நினைப்பார்கள். இல்லை, உப்பு. பத்துப் பெண்கள் சமைக்கிற இடத்தில் போகிறவள் வருகிறவள் எல்லாம் "உப்புப் போட்டாச்சா?" என்று கேட்பாள். பதில் வருமுன் ஒரு பிடியைப் போட்டுவிட்டும் போவாள். அதற்காக எங்கள் பக்கத்துச் சமையல்காரிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. சட்டி மூடியின் மேல் சிரட்டை அகப்பை ஒன்று கிடக்கும். அதன் முகம் மேலே பார்த்தால் இன்னும் உப்புப் போடவில்லை. உப்புப் போட்ட கையோடு அகப்பையைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். கவிழ்ந்த அகப்பை இருக்கும் சட்டியில் யாரும் உப்போடு கை வைக்கக் கூடாது.

இதைப் பரீதாவுக்குச் சொன்னேன். அவளுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. என் சட்டியில் அவள் உப்புப் போடுவாள், அவள் சட்டியில் நான் போடுவேன், எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சே தேவைப்படாது. உப்புப் போட்டோமா என்று நினைவில் வைக்கும் வேலையை முழுதாக அகப்பையிடம் கொடுத்துவிட்டோம். கை தன்பாட்டில் போடும், தன்பாட்டில் கவிழ்க்கும். எங்கள் மூளை மற்ற எல்லாக் கதையும் பேசுவதற்கு மிச்சமாக இருந்தது.

நாக்கில்லாத குசினி

பரீதாவின் ட்ரையல் முடிகிற கிழமை நோன்பு மாதத்தில் வந்தது. ஹோட்டல் முதலாளி ஏறாவூர் ஹாஜியார். அவருக்கு இனிப்பைக் கொழும்பிலிருந்து பெட்டியில் எடுப்பித்தால் என்ன என்று ஒரு யோசனை இருந்தது. "வெள்ளிக்கிழமை ஊராக்களுக்கு இப்தார் வெக்கிறன். பரீதாட கஞ்சியையும் வட்டிலப்பத்தையும் அண்டைக்குச் சாப்பிட்டுப் பாப்பம். மறுகா முடிவு சொல்றன்" என்று சுதனிடம் சொல்லிவிட்டார்.

நோன்புக் கஞ்சி, இடியப்பம், சொதி, கோழிக்கறி, கடைசியில் வட்டிலப்பம். எல்லாம் தேங்காய்ப்பால். துருவும் மெஷின் அன்றைக்கென்று பார்த்து நின்றுவிட்டது. விடியலிலிருந்து இருவரும் திருவலையில் உட்கார்ந்து துருவித் துருவி, அதன் பல்லில் இரண்டு பேரின் விரலும் கிழிந்துவிட்டது. பரீதாவின் பெருவிரலில் நல்ல வெட்டு, என் சுட்டுவிரலில் அதைவிடக் கொஞ்சம் சின்னது.

பரீதா நோன்பு. பரிமாறும் பையன்கள் இருவரும் நோன்பு. நானோ வெள்ளிக்கிழமை விரதக்காரி. மாலையில் விளக்கு வைக்கும்வரை பல்லில் தண்ணீர் படாது. என் மருமகனுக்கு நல்ல புத்தி வர வேண்டுமென்று பிடிக்கத் தொடங்கிய விரதம். இன்றைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆக, குசினியில் ருசி பார்க்க நாக்கே இல்லை. அதற்கு நாங்கள் பயப்படவில்லை. பால் கொதித்து அடங்கும் சத்தம், ரம்பை இலையும் வெந்தயமும் அவியும் மணம், அகப்பையின் முதுகில் கஞ்சி பிடிக்கும் தடிப்பு எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தெரியும். உப்பு மட்டும்தான் வாய் கேட்கும். அதற்குத்தான் அகப்பை இருக்கிறதே.

அஸர் தொழப் பரீதா எழுந்து போனாள். நான் பின்பக்கம் கடைசித் தேங்காய்களை உடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது சுதன் குசினி நடுவில் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி அக்கா? ஹாஜியார் குசினியை எட்டிப் பார்ப்பார் எண்டு கொஞ்சம் நீட் பண்ணினன்."

எல்லா மூடியின் மேலும் அகப்பைகள் ஒரே திசையில், ஒரே சரிவில், முகம் மேலே பார்க்கக் கிடந்தன. பட்டாளத்து அணிவகுப்புத் தோற்றுவிடும்.

"தம்பி, இதுல எது எது கவுந்து கிடந்த?"

"சிலது கவுந்து, சிலது மல்லாந்து, ஒரு ஒழுங்கே இல்லாமக் கிடந்துது அக்கா. அதான் எல்லாத்தையும் திருப்பி வெச்சன்."

தேங்காய்ப்பூத் தட்டோடு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பரீதா வந்தாள், மூடிகளைப் பார்த்தாள், முகம் வெளுத்துப்போனாள்.

"கஞ்சிக்கு உப்புப் போட்டயா புள்ள?"

"போட்ட மாதிரியும் இரிக்கி, போடாத மாதிரியும் இரிக்கி. நீங்க?"

எனக்கும் அதேதான். கோழிக்கறி பற்றிக் கவலை இல்லை. இறைச்சியில் மஞ்சளும் உப்பும் பிரட்டித்தான் அடுப்பில் வைத்தேன். வட்டிலப்பத்துக்குப் போடுவது ஒரு சிட்டிகை. போனாலும் வந்தாலும் கருப்பட்டி பார்த்துக்கொள்ளும். சிக்கல் சொதியிலும் கஞ்சியிலும். அதிலும் கஞ்சிதான் பெரிய சிக்கல். பகல் முழுக்கக் காய்ந்த வாய்க்குள் பேரீச்சம்பழத்துக்குப் பிறகு போகும் முதல் மிடறு அது. அது சப்பென்று இருந்தாலும் போச்சு, கரித்தாலும் போச்சு. பரீதா மறுபடி பிளேன் ஏற வேண்டியதுதான்.

நோன்பும் விரதமும் இல்லாத ஹோட்டல் வாச்சர் ஐஸ் எடுக்க வாழைச்சேனைக்குப் போயிருந்தார். மிச்சம் இருந்த ஒரே நாக்கு சுதனுடையது. ஒரு கரண்டிக் கஞ்சியைக் கொடுத்தேன்.

"நல்லாருக்கு அக்கா. உப்புக் கொஞ்சம் தூக்கல்."

நிம்மதிப் பெருமூச்சு விடப் போனேன். ஆனால் ஆள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் சரியாகப் படவில்லை. ஒன்றும் போடாத வெறும் கப்பிப்பாலில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன்.

"இதுவும் நல்லாருக்கு. உப்புக் கொஞ்சம் தூக்கல்."

"உங்களுக்குத் தடிமனா தம்பி?"

"ஓம் அக்கா, மூண்டு நாளா. ஒரு மணமும் இல்ல, ருசியும் இல்ல. சும்மா உங்கட மனம் நோகக் கூடாது எண்டுதான் சொன்னன்."

விரல் பார்த்த ருசி

நோன்பு திறக்கிற மஹ்ரிபுக்கு அதிக நேரம் இல்லை. வெளியே கார்கள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. மருமகனின் புத்தி ஒரு கிழமை பிந்தினால் ஒன்றும் கெட்டுவிடாது என்று முடிவு செய்து கரண்டியைத் தூக்கினேன். பரீதா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஒண்ணாக்கா! எண்ட கஞ்சிக்காக ஒங்கட விரதத்த முறிக்கிறதா? நான் நுனி நாக்குல வெச்சுத் துப்பிடுறன். அவசரத்துக்கு அப்பிடிச் செய்யலாம் எண்டு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கதான். உனக்கு மனம் கேக்குமா?"

"கேக்காதுதான். எண்டாலும்..."

"அப்ப விடு கைய."

"நீங்க விடுங்க கரண்டிய."

இந்த இழுபறியில் கரண்டி சரிந்து, சூடு ஆறியிருந்த கஞ்சி அவள் பெருவிரலில் கொட்டியது. வெட்டுப்பட்ட அதே விரல். இருவரும் அதையே பார்த்தோம். அவள் 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை.

"எரியுதா?"

"இல்லக்கா."

"கொஞ்சமும் இல்ல?"

"இல்லவே இல்ல."

உப்புப் பட்டால் வெட்டுக்காயம் சும்மா இருக்குமா? என் விரலை நீட்டினேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். ஒன்றும் இல்லை. பிறகு தேசிக்காய்ப் புளி இன்னும் பிழியாத சொதியில் ஒரு சொட்டு. நான் துள்ளிக் குதித்தேன். பச்சை மிளகாயாக இருக்குமோ என்று சுதன் சந்தேகம் கிளப்பினார். அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். மிளகாய் யோசித்து யோசித்துத்தான் எரியும், உப்பு உடனே கடிக்கும். எதற்கும் நிச்சயமாக இருக்கட்டும் என்று பரீதாவின் விரலில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். அவள் போட்ட சத்தத்தில் பரிமாறும் பையன்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஆக, சொதிக்கு உப்பு உண்டு. கஞ்சிக்கு இல்லை. நோன்பும் முறியவில்லை, விரதமும் முறியவில்லை.

இருவரும் கையைக் கழுவி, விரலில் பிளாஸ்டர் சுற்றி, அதன்மேல் கையுறை போட்டுக்கொண்டோம்.

"உன்ட கஞ்சி, நீயே போடு" என்றேன்.

பரீதா பிஸ்மி சொல்லி உப்பை அள்ளினாள். போட்டாள், கிண்டினாள், இன்னும் கொஞ்சம் போட்டாள், அப்புறம் பயந்து நின்றுவிட்டாள். எனக்கு அது காணாது என்று பட்டது. கிடாரத்தில் பழகிய கை. கடைசி ஒரு சிட்டிகையை நான் போட்டேன். பிறகு அகப்பையை எடுத்து, சுதன் பார்க்க, மூடியின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

"தொடப்படாது" என்றேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கஞ்சிக் கோப்பைகள் வெளியே போயின.

சின்னச் சட்டி

நாங்கள் குசினியின் பின்வாசற்படியில் உட்கார்ந்தோம். நான் மாடத்தில் விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பரீதா பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். ஆனால் அது உள்ளே இறங்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கோப்பைச் சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தாலும் ஆட்கள் பேச மாட்டார்கள், வாயில் வைக்க ஒண்ணாமல் இருந்தாலும் பேச மாட்டார்கள்.

சுதன் வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஹாஜியார் கேக்கிறார், கஞ்சிக்கு உப்புப் போட்டது ஆர் எண்டு."

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றாள் பரீதா.

"பரீதாவுக்கு ஒண்டும் தெரியா தம்பி. கடைசியாப் போட்டது என்ட கை" என்றேன்.

"அக்காவ இதுக்க இழுக்காதீங்க சேர். அது எண்ட கஞ்சி" என்றாள் அவள்.

சுதன் மூக்கை உறிஞ்சினார். "ரெண்டு பேருமா? சரியாப் போச்சு. வழமையா இப்தார் கஞ்சியில ஒண்டு உப்பு இருக்காது, இல்லாட்டி வாய் வெக்க ஏலாதாம். இண்டைக்குத்தான் அளவா இருக்காம். அவர் மூண்டாவது கோப்பை குடிக்கிறார். வட்டிலப்பத்தையும் வழிச்சு முடிச்சிட்டார். பெட்டி இனிப்பு வேணாமாம். நாளைக்கு ஒபிசுக்கு வரட்டாம், நிரந்தரக் கடிதம் தாறாராம்."

பரீதா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். நானும் அழுதேன். அழுததற்குத் தேங்காய்ப்புகை என்று ஒரு காரணம் சொன்னேன். அப்படி ஒரு புகை உலகத்தில் கிடையாது. சுதன் தலையாட்டிக்கொண்டு போனார்.

கொஞ்சம் ஆறியதும் அவள் உள்ளே ஓடிப்போய் அடுப்படி மூலையிலிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்து வந்தாள். "இறைச்சி போடாம ஒங்களுக்கெண்டு தனியா வெச்சன் அக்கா. நீங்க விரதமெல்லா. முதற்பால்தான் விட்டிரிக்கன், முழுசா."

இத்தனை பதற்றத்துக்கு நடுவில் இதையும் வைத்திருக்கிறாள். கோப்பையில் ஊற்றித் தந்தாள். ஒரு மிடறு குடித்தேன்.

மருந்துக்கும் உப்பு இல்லை. அந்தச் சட்டிக்கு நாங்கள் அகப்பையே வைக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பிடிக்கா?"

குசினி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிவது கொஞ்சம்தான். உப்புப் போட்டால் அடையாளம் வையுங்கள். வைத்த அடையாளத்தை மனேஜருக்கும் சொல்லிவையுங்கள். தடிமன் பிடித்தவரை நம்பாதீர்கள். மற்றதெல்லாம் பக்கத்தில் நின்று சமைக்கிற ஆளைப் பொறுத்தது. அது நன்றாக அமைந்தால் நாக்கில்லாமலும் ஒரு ஊருக்குச் சமைத்துப் போடலாம்.

கோப்பையில் இருந்த மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீட்டினேன்.

"நல்லாரிக்கு புள்ள. உப்புக் கொஞ்சம் தூக்கல். இன்னொரு கோப்பை ஊத்து."